ஆறாம் பாகத்தில் ஒரு கயிறு

எர்ணாவூரில் ஒரு கடை கட்டினேன். கடைக்கு மேலே வீடு கட்டினேன். கடைக்குப் பின்னால், கடற்காற்று நேராக வந்து மோதாதபடி சுவரைத் திருப்பி, வீடியோ கேம் அறை ஒன்று கட்டினேன். அந்த அறையின் பெஞ்சு, மேசை, டிவி உட்காரும் மரக்கூடு எல்லாம் துறைமுகத்தில் கழித்துப்போட்ட பேக்கிங் கட்டைகளை நானே அறுத்து நானே ஆணியடித்துச் செய்தவை. மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். இத்தனைக்கும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர் பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டுக் கட்டி இறுக்குகிற லேஷிங் வேலையில் தோள் தேய்ந்தவன். கேம் கடை வைத்து எவன் உருப்பட்டான் என்று கேட்ட சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணெதிரே நிற்க, கரண்ட் இணைப்புக்கு என்னை அலையவிட்டவர்களும் இருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து உள்ளே வந்து, சுவர் முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அறை நிற்கிறது. நானும் நிற்கிறேன். இதையெல்லாம் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்பாள் என் வீட்டுக்காரி. குறைத்துச் சொல்ல நான் என்ன திருடியா கட்டினேன்.

அந்த அறைக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது. ஆபத்து என் வீட்டுக்காரியின் உருவத்தில் வந்தது.

அவள் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறவள். எண்ணூர் குப்பத்துப் பெண். நெத்திலி, வாளை, சென்னாகுனி என்று கூடை கூடையாக வாங்கி வைத்து, உள்ளூர்க் கடைகளுக்குப் போடுகிறாள். மழைக்காலம் வந்தால் கூடைகளை வைக்க நல்ல இடம் இல்லை. அந்த ஒரு வெள்ளத்தை விட்டால், வீட்டிலேயே ஈரம் ஏறாத ஒரே இடம் என் கேம் அறை. காரணம், அதைக் கட்டியது நான்.

ஒரு நாள் வானம் கறுத்திருந்த நேரத்தில் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"யோவ், என் கருவாடு நனைஞ்சிகினு கீது. ஒன் டிவி காஞ்சிகினு கீது. இன்னா ஞாயம் இது?"

"டிவி நனைஞ்சா கெட்டுடும்மே."

"கருவாடு நனைஞ்சா மணக்குமா? அந்த ரூமுக்கு இப்ப யார் வர்றா? நீயும் ஈயும்."

அவள் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஆறாம் பாகம் வரப்போகிறது. அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிவியில் ஆட முடிந்தால் அறை எனக்கு. முடியாது என்றால் கூடைகளை நானே தூக்கிவந்து அடுக்குகிறேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவள் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஆகவே என் பயமும் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

எந்த ஆட்டத்தின் ஆறாம் பாகம் என்று சொல்ல வேண்டும். அது ஒரு படகு ஆட்டம். அதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கப்பலுக்குள். பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினால், மாலுமிகள் சாப்பிடுகிற அறையில் ஒருவன் தனியாக உட்கார்ந்து டிவியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது. வட்டச் சன்னலுக்கு வெளியே எங்கள் துறைமுகத்துத் தண்ணீர், டீசல் மினுமினுப்போடு பழுப்பாகக் கிடந்தது. டிவிக்குள் வேறொரு தண்ணீர் இருந்தது. அப்படியொரு நீலத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. தீவுகள் தூக்கத்தில் வருவது போல மெல்ல வந்து, படகுக்கு இரண்டு பக்கமும் விலகிப் போயின. என் கண்ணைப் பார்த்துவிட்டு அந்த ஆள் ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தான். கையுறையைக் கழற்ற மறந்துபோய் அப்படியே வாங்கினேன். மேலே மேஸ்திரி என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், கீழே நான் எங்கேயோ ஒரு தீவைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கப்பலைவிட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. கேம் அறை அன்றைக்கே என் மனதில் கட்டியாகிவிட்டது. பிறகு செங்கல் வாங்கியது சின்ன வேலை.

முதல் பாகம் நன்றாக இருந்தது. இரண்டாம் பாகம்தான் ராஜா. அதில்தான் டிவித் திரையை மேலே பாதி, கீழே பாதி என்று பிரித்து இரண்டு பேரை ஆடவிட்டார்கள். ஐஸ் ஃபேக்டரி ஆட்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், ஷிஃப்ட் முடித்த கம்பெனிக்காரர்கள், எல்லாரும் என் பெஞ்சில்தான் இருந்தார்கள். பகலிலும் சன்னலைச் சாத்திவிடுவேன். திரை வெளிச்சம் சுவரில் நீலமாக ஆடும். வெள்ளம் போட்ட கோடு வந்த பிறகு இன்னும் வேடிக்கை. நீல வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கோடு, தொலைவில் கடலும் வானமும் சேர்கிற கோடு மாதிரியே தெரியும். சுண்ணாம்பு அடிக்க வந்தவனை அதனாலேயே திருப்பி அனுப்பினேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிக நெருக்கமானவன் ஒருவன். அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தான். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். என்னை நைனா என்றும் என் வீட்டுக்காரியை அம்மா என்றும் கூப்பிடுவான். ஒரு சாயங்காலம் அவனுடைய படகு பாறையில் இடித்து, இன்ஜின் நின்று, நடுக்கடலில் தத்தளித்தது. கூட ஆடியவன் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய் ஜெயித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரி மட்டும் தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இன்னாடா ஜெயிப்பு இது? நடுக்கடல்ல ஒர்த்தன் நின்னுகினு கீறான், நீ பாட்டுக்கு போய்கினே கீற. எங்க குப்பத்துல இப்டி வந்தவனுக்கு எவனும் வல தர மாட்டான்."

"அம்மா, இது ஆட்டம்மா."

"தண்ணிதான அது? தண்ணின்னா தண்ணிதான்."

அப்புறம் அவளே சொன்னாள். அவர்கள் குப்பத்தில், நின்றுபோன படகைப் பார்த்தவன் திரும்பி வர வேண்டும். அதைக் கரைவரைக்கும் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு தான் ஒதுங்கி நின்று, அந்தப் படகை முதலில் கரையேறவிட வேண்டும். கரையில் காத்துக்கொண்டிருக்கிறவர்கள், வராதோ என்று பயந்த படகைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து அது என் அறையில் சட்டம். சட்டம் போட்டவன் நான். நின்றுபோன படகை விட்டுவிட்டு வந்தவன் ஜெயித்ததாகக் கணக்கில்லை. திரும்பிப் போய்த் தன் படகின் மூக்கால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். முடிவுக் கோட்டில் தான் நின்று, அவனை முதலில் விட வேண்டும். ஆட்டம் அதற்கு ஒரு புள்ளிகூடத் தராது. நாங்கள் கைதட்டுவோம். வேறு கேம் கடைகளில் பழகியவர்கள் இங்கே வந்து முழிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் மூக்கால் முட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஆட்டத்தை முழுவதும் முடித்தால் கடைசியில் பெயர்கள் வரும். அதைச் செய்தவர்களின் பெயர்கள், இங்கிலீஷில், கீழேயிருந்து மேலே ஏறிப் போகும். அது முடிகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஒரு பெயரைப் படித்து முடிப்பதற்குள் அது மேலே போய்விடும். பரவாயில்லை. நான் எத்தனையோ கப்பலின் பெட்டிகளைக் கட்டி இறுக்கி அனுப்பியிருக்கிறேன். புயலில் ஒரு பெட்டி கழன்று விழுந்தால் என் கையைத்தான் கேட்பார்கள், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் என் பெயர் எங்கேயும் இருக்காது. அதனால் யாரோ சிலர் தங்கள் வேலைக்குப் பக்கத்தில் தங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றால் உட்கார்ந்து பார்ப்பதுதான் மரியாதை. இருட்டில் அந்த வெள்ளை எழுத்துகள் ஏறிப்போவது, கரையிலிருந்து கிளம்பும் படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தூரப் போய் மறைவது போல இருக்கும். சிலர் தூங்கிவிடுவார்கள். நான் தூங்கியதில்லை.

மூன்றாம் பாகம் பரவாயில்லை ரகம். நான்காம் பாகத்தில் படகில் துப்பாக்கியை வைத்தார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கவே காசு கேட்டார்கள். ஐந்தாம் பாகம்தான் எங்களை முடித்துவிட்டது. எப்போதும் இன்டர்நெட் வேண்டும். திரையைப் பிரிக்கிறது கிடையாது. ஒவ்வொருவனும் அவனவன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத எவனோடோ ஆட வேண்டும். தண்ணீர்கூடக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அதில் ஆழம் இல்லை. என் பெஞ்சு காலியாகத் தொடங்கியது. கைபேசியில் ஆடப் போனார்கள், கல்யாணம் ஆகிப் போனார்கள், மணலிப் பக்கம் வீடு மாறிப் போனார்கள். கிரேன்காரன் மட்டும் லீவு நாளில் வந்து என்னோடு பழைய இரண்டாம் பாகத்தைப் போடுவான். தீவு தீவாக எங்களுக்கு மனப்பாடம். பேசிக்கொள்ளாமலேகூட ஆடுவோம்.

அந்த நாட்களில்தான், ஐந்தாம் பாகத்தைத் திட்டாத ஆளே இல்லை என்று ஆன பிறகு, அதைச் செய்த கம்பெனி இறங்கி வந்தது. அடுத்ததில் என்ன வேண்டும், எழுதுங்கள் என்று எல்லாரையும் கேட்டது. கிரேன்காரன் கைபேசியைக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் அடித்தான்.

"எழுது. திரைய ரெண்டாப் பிரி. துப்பாக்கிய எடு. தண்ணிய பழைய மாதிரி வை."

"அவ்ளோதானா நைனா?"

"இன்னும் கீது. நின்னுபோன படகக் கூட்டியாரணும். கூட்டியாந்தவன் ஒதுங்கிக்கணும், மாட்டிகினவன மொதல்ல வுடணும். இத ஆட்டத்துலயே வை."

"இது அவுங்களுக்குப் புரியாது."

"ஆடிக் காட்டு."

அப்படியே செய்தோம். அவன் படகை வேண்டுமென்றே பாறையில் இடித்தான். நான் திரும்பிப் போய் மூக்கால் தள்ளிவந்து, கோட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். திரையைப் படம் பிடித்தது என் வீட்டுக்காரி. கை ஆடாமல் பிடித்தாள். படத்தில் அவள் குரலும் இருக்கிறது, சோறு ஆறுகிறது என்று. எல்லாவற்றையும் அனுப்பினோம். நன்றி என்று ஒரு வரி வந்தது. இயந்திரம் அனுப்பிய நன்றி அது, எனக்கே தெரிந்தது.

பிறகு சத்தமே இல்லை. நான் மட்டும் கனவு காண ஆரம்பித்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் சாய்ந்தால், ஆட்டத்துப் படகு எண்ணூர் முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களுக்குக் கீழே குனிந்து வரும். அது தொட்ட இடமெல்லாம் கழிமுகத்துத் தண்ணீர் நீலமாகும். கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். படகில் யாரும் இருக்க மாட்டார்கள். என் கடை வாசல்வரை வந்து அது மூக்கால் கதவை மெல்ல முட்டும். விழித்தால் லாரி ஹாரன்.

ஆறாம் பாகம் வருகிறது என்று டிரெய்லர் வந்தபோது நான் குதிக்கவில்லை. நான்காவதுக்கும் குதித்தேன், ஐந்தாவதுக்கும் குதித்தேன், முட்டிதான் வலித்தது. டிரெய்லரில் தண்ணீர் அழகாக இருந்தது. டிரெய்லரில் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு பேர் ஆடுவதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரியோடு அறையைப் பற்றிய அந்தப் பேச்சைப் பேசினேன்.

முழு ஆட்டம் வருவதற்கு முன்னால் ஆடிப் பார்க்கச் சின்னதாக ஒரு டெமோ விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரேன்காரன் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. டவுன்லோட் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. வீட்டுக்காரி அதற்குள் முதல் கூடையை வாசற்படிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"இன்னாமே, இன்னும் எறங்கவே இல்ல. அதுக்குள்ள கூடையா?"

"மழ எறங்கிடும் போலக் கீது. ரெண்டுல எது மொதல்ல எறங்குதுன்னு பாக்கறேன்."

கிரேன்காரன் சிரித்தான். "அம்மா, இது வேலைக்கு ஆவலன்னா இன்னா வெப்பீங்க?"

"நெத்திலி இந்தாண்ட. வாள அந்தாண்ட. ஒங்க நைனாவ நடுவுல."

டெமோ திறந்தது. முதலில் பெயின்ட் விற்கிற கடையைக் காட்டினார்கள். இன்ஜின் சத்தம் சரியில்லை, தையல் மிஷின் மாதிரி இருந்தது. கிரேன்காரன் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடினான். தனியாக ஆட, இன்டர்நெட்டில் ஆட என்று ஏதேதோ வந்தது. பிறகு அவன் கை நின்றது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து, துடைத்து, என் மடியில் வைத்தான்.

"அமுத்து நைனா."

அமுக்கினேன். திரை நடுவில் ஒரு கோடு விழுந்தது. மேலே அவன் கடல், கீழே என் கடல். அந்தத் தண்ணீர், கப்பலுக்குள் பார்த்த தண்ணீராக இல்லைதான். ஆனால் அதன் உறவுக்காரத் தண்ணீர். ஆழம் இருந்தது. வாசற்படியில் கூடை நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பயம்.

ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தோம். பாறை புதிய இடத்தில் இருந்ததால் நான்தான் இடித்துக்கொண்டேன். இன்ஜின் நின்றது. படகு மெல்லச் சுற்றிச் சுற்றி மிதந்தது. அவன் வெகுதூரம் போயிருந்தான். முடிவுக் கோடு அவனுக்குத் தெரிகிற தூரம். பழக்கம் விடுமா, திருப்பினான். என் படகுக்குப் பக்கத்தில் வந்து மூக்கால் முட்டப் பார்க்கிறான், அதற்குள் அவன் படகிலிருந்த சின்ன உருவம் குனிந்து ஒரு கயிற்றை எடுத்து என் பக்கம் வீசியது.

நாங்கள் இரண்டு பேரும் எதையும் அமுக்கவில்லை. அதுவாக வீசியது. கயிறு என் படகில் மாட்டி, நீருக்கு மேலே விறைத்து, சொட்டுச் சொட்டாக வடிந்தது. அவன் இழுத்தான். நான் பின்னால் போனேன். இழுபட்டுப் போவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த வயதுவரை யாரையாவது நான்தான் இழுத்திருக்கிறேன். தீவுகள் இரண்டு பக்கமும் விலகின. மழை இறங்கிவிட்டது, கூரைத் தகரத்தில் சத்தம், அது டிவிக்குள் பெய்கிறதா வெளியே பெய்கிறதா என்று ஒரு கணம் புரியவில்லை.

கோடு வந்தது. அங்கே கயிறு தானாகத் தளர்ந்தது. அவன் எதையும் அமுக்காமலே அவனுடைய படகு ஒதுங்கி, வேகம் குறைத்து, நின்றது. என் படகு அதைத் தாண்டி மெல்ல மிதந்து முதலில் கரை தொட்டது. கரையில் நின்றிருந்த சின்னச் சின்ன உருவங்கள் கையை உயர்த்தின.

கிரேன்காரன் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தான். பிறகு சொன்னான், "நைனா, கடல் எல்லா ஊர்லயும் கீது. கம்பெனிக்கு வேற யார்னா சொல்லியிருப்பான்."

"கயிறு போடறத எவன் வேணாலும் சொல்வான். ஒதுங்கி நிக்கறத எவன் சொன்னான்?"

பின்னாலிருந்து பதில் வந்தது.

"எங்க குப்பத்துல சொன்னாங்க."

என் வீட்டுக்காரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சட்டம் போட்டது நான்மே," என்றேன்.

"போட்ட. எங்கேர்ந்து எடுத்துப் போட்ட?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மழையில் வெளியே போனாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான், அறை எனக்கு. கொஞ்ச நேரத்தில் நானே போய்க் கூடைகளைத் தூக்கிவந்து, வெள்ளக் கோட்டுக்கு மேலே பலகை அடித்து அடுக்கினேன். பலகை அடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அறையில் வாளை வாசம். கிரேன்காரன் சொல்கிறான், இப்போதுதான் கடல் ஆட்டம் மாதிரி இருக்கிறதாம். போன வாரம் மணலியிலிருந்து பழைய ஆள் ஒருவன் தன் பெண்டாட்டியோடு வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஆடினார்கள். அவள்தான் திரும்பிப் போய் அவனை இழுத்துவந்தாள்.

முழு ஆட்டம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெயின்ட் கடையைப் பெரிதாக்கிவிடலாம். இன்ஜின் தையல் மிஷினாகவே இருக்கலாம். ஆசையை இடுப்பு உயரத்துக்கு மேலே ஏறவிடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அன்றைக்குக் கூடைகளை அடுக்கிவிட்டு டெமோவை ஆடி முடித்தபோது பெயர்கள் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். கறுப்புத் திரையில் விரைவில் என்று மட்டும் இருந்தது. அப்படியானால் பட்டியல் இன்னும் முடியவில்லை, இடம் இருக்கிறது.

ஆகவே அதைச் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கயிறு உங்களுடையதாகவே இருக்கட்டும், நாங்கள் மூக்கால்தான் தள்ளினோம். கோட்டுக்கு முன்னால் அந்தப் படகு ஒதுங்கி நிற்கிறதே, அது எர்ணாவூரில் என் அறையிலிருந்து வந்தது. நாங்கள் அனுப்பிய படம் உங்களிடம் இருக்கிறது, சோறு ஆறுகிறது என்று ஒரு குரல் அதில் கேட்கும். அந்தக் குரலின் பெயரையும், இங்கிலீஷில் அடித்துக் கொடுத்த கிரேன்காரனின் பெயரையும், என் பெயரையும் கடைசிப் பட்டியலில் போட வேண்டும். இங்கே யார் பெயரையும் நான் எழுதவில்லை, அங்கே எழுதுவதற்காகத்தான் வைத்திருக்கிறேன். கேட்டால் சொல்கிறேன். சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் கீழே இருந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை உட்கார்ந்திருக்க எங்களுக்குத் தெரியும். மூன்று பெயரில் எது முதலில் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரியுடையதை முதலில் விடுங்கள். நான் ஒதுங்கி நிற்கிறேன். ஆனால் போட்டாக வேண்டும்.